எத்திராஜை நான் ஜெயித்த கதை

என் வாழ்நாளில் கேரம் போர்டில் நான் ஜெயித்தது ஒரே ஒரு முறை. அந்த வெற்றி ஒரு நோய்க்குறி என்று பிறகுதான் தெரிந்தது. அதையும் நானாகக் கண்டுபிடிக்கவில்லை.

திருவொற்றியூர் சுகாதார நிலையத்தில் என் பழைய நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் இளம் டாக்டர்களே, டிமென்ஷியாவை ஆரம்பத்திலேயே கண்டுகொள்வது பற்றி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். ஓய்வு பெற்றவனைக் கூப்பிட்டு மறதியைப் பற்றி எழுதச் சொல்வதில் உள்ள குறும்பு எனக்குப் புரியாமல் இல்லை. அறிகுறிகள், பரிசோதனைகள், மருந்தின் அளவுகள் எல்லாம் உங்கள் கைப்பேசியில் என்னைவிட நன்றாகவே இருக்கின்றன. என்னிடம் இருப்பது ஒரு மனிதரின் கதை. பெயர்களை மாற்றியிருக்கிறேன். என் முட்டாள்தனங்களை மட்டும் மாற்றவில்லை. அவை எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும்.

எத்திராஜ் டேங்கர் லாரி டிரைவர். மணலி எண்ணெய் ஆலையில் பெட்ரோலும் டீசலும் ஏற்றிக்கொண்டு வெளியூர் பெட்ரோல் பங்க்குகளில் இறக்கிவிட்டு வருவார். அறுபதை நெருங்கும் வயது, தேக்கு மாதிரி உடம்பு. சுகாதார நிலையத்துக்குப் பின்சந்தில் இருந்த கேரம் மன்றத்தில் அவர்தான் ராஜா. வேலை முடிந்ததும் நானும் அங்கே போய் உட்காருவேன். விளையாட அல்ல, வேடிக்கை பார்க்க. என் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு மன்றத்துக்காரர்கள், "சார், நீங்க ஊசி போடறதும் இப்டித்தானா?" என்று கேட்டதிலிருந்து நான் ஸ்ட்ரைக்கரைத் தொடுவதில்லை.

வருடத்துக்கு ஒரு நாள் மட்டும் தொட வேண்டியிருக்கும். மன்றத்தின் ஆண்டுப் போட்டிக்கு என்னைத்தான் சிறப்பு விருந்தினராகக் கூப்பிடுவார்கள். சாம்பியனோடு விருந்தினர் ஒரு போர்டு ஆட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். வேறு ஊரில் இப்படி ஒரு வழக்கம் இருந்தால் விருந்தினருக்கு விட்டுக்கொடுப்பார்கள். வடசென்னையில் கேரம் போர்டில் மரியாதை என்ற பேச்சே கிடையாது. ஒவ்வொரு வருடமும் எத்திராஜ் எனக்கு மாலை போடுவார், பிறகு என் தோலை உரிப்பார். நான் ஒரு காயைக்கூடப் போடாமல் எழுந்து வந்த வருடங்கள் உண்டு. தெருவே அதற்காகத்தான் கூடும்.

அந்த வருடம் நான் ஜெயித்துவிட்டேன்.

எப்படி என்று கேளுங்கள். எத்திராஜ் ரெட், அதாவது சிவப்புக் காயை, அருமையாகக் குழியில் போட்டார். ரெட் போட்டால் அடுத்து தன் காய் ஒன்றை ஃபாலோ போட வேண்டும் இல்லையா? அவர் நிதானமாகக் குறிபார்த்து என் கறுப்புக் காயைப் போட்டார். ரெட் திரும்ப நடுவுக்கு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் என் கறுப்பையே போட்டார். கை பொய் சொல்லவில்லை. குறிபார்த்த காய் அப்படியே மூலைக் குழியில் போய் விழுந்தது. எது தன் காய் என்பதுதான் அவரிடம் தங்கவில்லை. இதையெல்லாம் இப்போது சொல்கிறேன். அன்று நான் நினைத்தது ஒன்றே ஒன்றுதான்: என் ஆட்டம் முன்னேறிவிட்டது.

இன்னொன்றும் என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. மன்றத்தில் வேடிக்கை பார்ப்பவன் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். ஆனால் கொஞ்ச காலமாகவே மாலை ஆட்டங்களில் எத்திராஜின் பின்னால் நிற்பவர்கள், "அண்ணே, வெள்ளை" என்றும் "அண்ணே, நம்ப டர்ன்" என்றும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். மன்றத்துக்காரர்களுக்கு வயதானதும் கட்டுப்பாடு தளர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். போட்டி அன்று நடுவர் இருந்ததால் யாராலும் வாயைத் திறக்க முடியவில்லை. நான் ஜெயித்தபோது ஒரு விசில்கூட வரவில்லை. பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை சுகாதார நிலையத்துக்குள் நான் நடந்து வந்த தோரணையைப் பார்த்து, ரெஜினா சிஸ்டர் எனக்குப் பதவி உயர்வு வந்துவிட்டது என்றே நினைத்தார். எங்கள் மூத்த செவிலியர் அவர். விஷயத்தைச் சொன்னேன்.

"எத்திராஜ் அண்ணனையா?"

"ஆமாம்."

"நீங்களா?"

"ஏன் சிஸ்டர், நான் ஜெயிக்கக் கூடாதா?"

அவர் கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தார். "அண்ணனுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா சார்?"

எனக்குக் கோபம் வந்தது. அரை மணி நேரம் அவரோடு பேசவில்லை. இரண்டு சர்க்கரை நோயாளிகளையும் ஒரு இருமலையும் பார்த்து முடித்த பிறகுதான், என் கறுப்புக் காய் குழிக்குள் போன காட்சி திரும்பவும் கண்ணுக்குள் ஓடியது. அத்தோடு "அண்ணே, வெள்ளை" என்ற முணுமுணுப்பும். கை கழுவுகிற இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன்.

மன்றத்துப் பையன்களைக் கூப்பிட்டுக் கேட்டேன். பையன்கள் என்றால் எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். "அதெல்லாம் ஒன்னியும் இல்ல சார், வயசு ஆவுது, அவ்ளோதான்" என்று ஒரே குரலில் சொன்னார்கள். ஒரே குரலில் வரும் பதிலை நீங்கள் எப்போதும் சந்தேகிக்க வேண்டும். எத்திராஜை ஒரு நாள் வந்து போகச் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அவர் வரவில்லை.

வந்தபோது டேங்கரோடு வந்தார்.

காலை ஓ.பி.யில் வெளிநோயாளிகள் நிரம்பி வழிந்த நேரம். வாசலில் பெரிய ஹாரன் சத்தம். எட்டிப் பார்த்தால் ஆட்டோ ஸ்டாண்டை அடைத்துக்கொண்டு ஒரு முழு டேங்கர். ஆட்டோக்காரர்கள் திட்டிக்கொண்டிருந்தார்கள். வண்டியிலிருந்து முதலில் குதித்தவர் கோட்டி. எத்திராஜின் மனைவி தேவகியின் தம்பி. அதே வண்டியில் கிளீனர். நாற்பது வயது ஆள் முகம் வெளுத்துப்போய் வந்தார்.

"சார், கொஞ்சம் இப்டி வா சார். மாமா காதுல வுயக் கூடாது."

"என்னப்பா ஆச்சு?"

"மணலில லோடு ஏத்திகினு திருவள்ளூரு கெளம்பினோம் சார். நான் கொஞ்சம் கண்ணு அசந்துட்டேன். முயிச்சுப் பாத்தா கடலு சார்!"

"திருவள்ளூர் ரோட்டில் ஏதப்பா கடல்?"

"அத்தத்தான் சார் நானும் கேக்கறேன்!"

மேற்கே போக வேண்டிய வண்டி கிழக்கே வந்து, கடலைப் பார்த்த பிறகு நின்றிருக்கிறது. ஏன் மாமா இங்கே வந்தாய் என்று கேட்டதற்கு எத்திராஜ் ஒரு நொடிகூடத் தயங்காமல், "டாக்டராண்ட பிரஷர் மாத்திர வாங்கிகினு போலாம்னு வந்தேன்" என்று சொல்லி வண்டியை நேராக இங்கே விட்டிருக்கிறார்.

"மாத்திர வூட்ல டப்பா நெறய கீது சார்" என்றார் கோட்டி. பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒரு வருசத்துக்கு மேல நான்தான் சார் வயி சொல்லிகினு வரேன். லெஃப்டு மாமா, ரைட்டு மாமான்னு. ஸ்டீரிங்கு புடிச்சா வண்டி பூ மாதிரி போவும். வயி மட்டும் நிக்க மாட்டேங்குது. வெளிய சொன்னா மாமன எறக்கிடுவாங்க. மாமன் எறங்கினா நானும் எறங்கணும். இன்னா சார் பண்றது?"

இதுதான் நிலைமை. வெளியே வீதியில் வாய்வரை பெட்ரோல் நிரம்பிய ஒரு வண்டி. உள்ளே அதன் டிரைவர், சிரித்த முகத்தோடு, "இன்னா டாக்டரே, ஜெயிச்சதும் ஆளே மாறிட்ட" என்று கேட்டுக்கொண்டு. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர் மறுபடி ஏறி உட்காருவார். நானோ ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், நரம்பியல் மருத்துவர் எதுவும் இல்லாமல் ஒரு ஸ்டெதாஸ்கோப்போடு உட்கார்ந்திருக்கிறேன். ஸ்டெதாஸ்கோப்பை வைத்து மறதியைக் கேட்க முடியாது. கழுத்தில் கிடந்தால் கொஞ்சம் தைரியமாக இருக்கும், அவ்வளவுதான்.

கோட்டி போன் செய்ததில் தேவகி ஓட்டமும் நடையுமாக வந்துவிட்டார். மூவரும் என் முன்னால் உட்கார்ந்தார்கள்.

"எத்திராஜ், காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?"

அவர் தேவகியைத் திரும்பிப் பார்த்தார். "இட்லி சார்" என்றார் தேவகி.

"தூக்கம் எப்படி?"

அவர் கோட்டியைப் பார்த்தார். "சோக்கா தூங்கறாரு சார்" என்றார் கோட்டி.

"மகளுக்கு எத்தனை குழந்தை?"

மறுபடியும் தலை தேவகி பக்கம் திரும்பியது. "ரெண்டு. மூத்தது பொண்ணு. ஏன் சார், ஒங்களுக்குத் தெரியாதா? நீங்கதான ஊசி போட்டீங்க!"

நம் ஊர் வழக்கம் உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். நோயாளி ஒருவர், பதில் சொல்ல நான்கு பேர். நாமும் அவசரத்தில் யார் சொன்னாலும் எழுதிக்கொள்வோம். அன்புதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த அன்பின் பின்னால் ஒரு மனிதர் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்துகொண்டிருக்கலாம். அதனால் கேள்வி கேட்டதும் பதிலை மட்டும் கேட்காதீர்கள். பதிலுக்கு முன்னால் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பாருங்கள். எத்திராஜின் கழுத்து அன்று என்னிடம் நிறையப் பேசியது.

கூட்டத்தைக் கலைப்பதில் ரெஜினா சிஸ்டருக்கு ஈடு கிடையாது. "தேவகியக்கா, வா, ஒனக்கு பிரஷர் பாத்து எவ்ளோ நாளாச்சு! கோட்டி, வண்டிய எங்க நிறுத்திகீற? ஆட்டோக்காரன் டயரக் கடிச்சுத் துப்பிடுவான் போல, போய்ப் பாரு." அறை காலியானது.

"எத்திராஜ், இது என்ன மாசம்?"

"இன்னா டாக்டரே, ஒனக்கே தெரியலியா? சொவுத்துல காலண்டரு மாட்டிகீற, பாத்துக்கோ."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். சிரித்து முடித்ததும், கேள்வி அப்படியே மேஜைமேல் கிடந்தது எனக்குத் தெரிந்தது. ஜோக் அடிப்பவன் எங்கே ஒளிவான் என்று இன்னொரு ஜோக் அடிப்பவனுக்குத்தான் தெரியும். நோயாளி கேட்டதற்குப் பதில் தெரியாத நேரங்களில் நான் அதே இடத்தில்தான் ஒளிந்திருக்கிறேன். அங்கே இடம் தாராளமாக இருக்கும்.

மூன்று வார்த்தைகளைச் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். சற்று நேரம் கழித்துக் கேட்டபோது, "அத்தெல்லாம் படிக்கிற பசங்களாண்ட கேளு" என்றார். கடிகாரம் வரையச் சொன்னேன். வட்டம் அச்சு மாதிரி வந்தது. எண்கள் எல்லாம் ஒரே பக்கமாக நெருக்கியடித்து நின்றன. கடிகாரம் வரையத் தெரியாதவர்களை எல்லாம் நோயாளியாக்கிவிட்டால் நம் பகுதியில் பாதிப் பேர் தேற மாட்டார்கள். பேனா பிடித்தே பழகாதவர்கள் இருக்கிறார்கள். அதனால் அவருக்கென்று ஒரு கேள்வி கேட்டேன்.

"மணலியிலிருந்து திருவள்ளூருக்கு எப்படிப் போவீர்கள்? எனக்கு வழி சொல்லுங்கள், நானே ஓட்டிக்கொண்டு போகிறேன்."

"நீயா? அந்த வண்டியவா?" என்று சிரித்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். "கேட்டாண்ட வெளிய வந்து... லெஃப்டு எட்த்து... நேரா..." நின்றார். ஸ்டீரிங் பிடிப்பது போல இரண்டு கைகளும் காற்றில் நின்றன. "போய்கினே இருந்தா வந்துடும் டாக்டரே."

அந்தச் சாலையில் அவர் ஓட்டிய வருடங்கள் என் படிப்பும் வேலையும் சேர்ந்த வருடங்களைவிட அதிகமாக இருக்கும்.

அவரை உட்கார வைத்துவிட்டு தேவகியைத் தனியே பார்த்தேன். "மறதி இருக்கிறதா" என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால், "யாருக்கு சார் இல்ல" என்பார்கள். "முன்னால் அவர் செய்துகொண்டிருந்த எந்த வேலையை இப்போது நீங்கள் செய்கிறீர்கள்?" என்று கேட்டேன். தேவகி யோசிக்கக்கூட இல்லை.

"ஞாயித்துக்கெயம கறிக் கொயம்பு அவருதான் சார் வெப்பாரு. என்ன அடுப்பாண்டயே வுட மாட்டாரு. இப்ப அடுப்பு முன்னால நின்னுகினு, 'தேவகி, உப்பு போட்டேனா'ன்னு கூவறாரு. காசிமேடு போயி மீன் வாங்கறதும் நான்தான். கரண்ட்டு பில்லு நான்தான். சோம்பேறியாய்ட்டாருன்னு திட்டிகினே கெடந்தேன் சார். இன்னாமா திட்னேன் தெரியுமா?"

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். நான் வழக்கமாக இந்த இடத்தில் ஏதாவது சிரிப்பாகச் சொல்வேன். நல்ல வேளையாக அன்று எதுவும் தோன்றவில்லை.

இப்போது என் முன்னால் இரண்டு வழிகள். ஒன்று, பிரஷர் அதிகமாக இருக்கிறது, இன்று ஓட்டக் கூடாது என்று ஒரு பொய். சொல்வதற்கு எளிது, எல்லோரும் நம்புவார்கள், யாரும் அழ மாட்டார்கள். இன்னொன்று உண்மை. ஆனால் எந்த உண்மை? நோயின் பெயரே எனக்கு உறுதியாகத் தெரியாதே.

எனக்கு நரம்பியல் சொல்லிக்கொடுத்த மேடத்துக்குப் போன் போட்டேன். அவர் பெயரை எழுதினால் திட்டுவார். அவர் திட்டி நான் வாங்கியது போதும். ஓ.பி.யின் நடுவில் இருந்தவர் முதலில் கேட்டது இதைத்தான்: "திடீரென்று வந்ததா, மெல்ல வந்ததா? கீழே விழுந்தாரா? காய்ச்சல், தலைவலி, குழப்பம், தூங்கி வழிதல்?" எதுவும் இல்லை என்றேன். குடி? மகள் கல்யாணத்தோடு விட்டுவிட்டார். மருந்துக் கடையில் தூக்க மாத்திரை? இல்லை. மனச்சோர்வு? கேட்டுப் பார்த்தேன், அப்படித் தெரியவில்லை.

"சரி. தைராய்டு, பி12 எல்லாம் பார், பிறகு என்னிடம் அனுப்பு. திருப்பிச் சரிசெய்யக்கூடிய எதையும் விட்டுவிடாதே."

"இன்றைக்கு என்ன சொல்வது மேடம்? நோய் இன்னதென்றே தெரியாமல்?"

"நோயின் பெயர் இன்றைக்கு உனக்கு எதற்கு? இன்றைக்கு வேண்டியது வண்டிச் சாவி மட்டும்" என்றார். நான் பிரஷர் பொய்யைப் பற்றி வாயைத் திறப்பதற்குள், "பிரஷர் கிரஷர் என்று ஏதாவது கதை விட்டாயானால், நாளைக்கு மாத்திரை போட்டுக் குறைந்துவிட்டது என்று மறுபடி ஏறி உட்காருவார். அப்போது எந்த வாயால் இறங்கச் சொல்வாய்?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டார். என்னை அவருக்கு மாணவனாக இருந்த நாளிலிருந்தே தெரியும்.

பெயரையும் சாவியையும் பற்றி அவர் சொன்ன அந்த இரண்டு வாக்கியங்களை வைத்துத்தான் இன்றுவரை நான் பிழைத்திருக்கிறேன். பெயர் வைக்கும் அவசரத்தில் நாம் செய்ய வேண்டியதை விட்டுவிடுவோம். இல்லையென்றால் பெயர் தெரியவில்லை என்ற சாக்கில் தள்ளிப்போடுவோம். நோயை உறுதிசெய்யச் சில வாரங்கள் ஆகலாம். ஆபத்துக்கு அத்தனை பொறுமை கிடையாது.

உள்ளே போனேன். நாற்காலியை மேஜைக்கு அந்தப் பக்கம் இழுத்து எத்திராஜின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.

"எத்திராஜ், நான் ஒன்று சொல்கிறேன். கோபம் வந்தால் திட்டுங்கள். உங்கள் மூளையில் ஏதோ ஒன்று வழியைப் பிடித்து வைத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. அது என்ன என்று எனக்கு இன்றைக்குத் தெரியாது. சத்துக் குறைவாக இருக்கலாம், வேறு நோயாகவும் இருக்கலாம். ரத்தம் எடுத்துப் பார்த்துச் சொல்வேன். ஆனால் இன்றைக்கு நீங்கள் அந்த வண்டியை எடுக்கக் கூடாது."

முதலில் ஒரு ஜோக் வந்தது. "நீ ஒரு போர்டு ஜெயிச்சதுக்கு என் வண்டியவே புடுங்கறியா?" நான் சிரிக்கவில்லை. பிறகு கோபம். "எத்தினி வருசம் ஓட்டிகீறேன் தெரியுமா? ஒரு கீறல் கெடயாது! எவன் சொன்னான் ஒனக்கு? கோட்டியா? டேய் கோட்டி!" எழுந்தார். நான் எழவில்லை. அவர் சட்டைப் பைக்குள் கை போயிற்று, சாவி இருக்கிறதா என்று பார்ப்பது போல. அந்த வாசலை அவர் தாண்டிவிட்டால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் வாசலைத் தாண்டவில்லை. நின்றார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"நீ ஜெயிச்சியே, அன்னிக்கு" என்றார். குரல் இறங்கிவிட்டது. "ஊரு பூரா டாக்டரு சோக்கா ஆடினாருன்னு பேசிக்கிச்சு. எனுக்குத் தெரியாதா ஒன் ஆட்டம்? அன்னிலேந்து தூக்கம் இல்ல டாக்டரே. எனுக்கு வயி மறக்குதுன்னு கோட்டிக்குத் தெரியும். அது எனுக்கே தெரியும்னு அவனுக்குத் தெரியாது. ஒரு வருசமா நான் மட்டும் தனியா பயந்துகினு கெடக்கறேன்."

எல்லோரும் அவரிடமிருந்து மறைப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் எல்லோரிடமிருந்தும் மறைத்துக்கொண்டிருந்தார்.

"ஒன்னே ஒன்னு சொல்லு. ஓட்டினா யாரயாவது சாவடிச்சுடுவேனா?"

"இன்றைக்கு நீங்கள் கடல் பக்கம் வந்தது உங்களுக்கு எப்போது தெரிந்தது?"

"கோட்டி கத்தினப்பதான்."

"அப்படியென்றால் நடக்கலாம்."

சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். "கோட்டியாண்ட குட்த்தா, 'இந்த ஒரு ட்ரிப்பு மாமா'ன்னு திருப்பிக் குட்த்துடுவான். தேவகியாண்ட குட்த்தா அய்தே கரஞ்சுடும். நீ வெச்சுக்கோ."

முழு டேங்கரின் சாவியை வைத்துக்கொண்டு ஓ.பி. பார்த்த ஒரே டாக்டர் இந்த ஊரில் நானாகத்தான் இருப்பேன்.

முடிவு என்ன ஆயிற்று என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்களுக்குப் பொறுமை கிடையாது, எனக்கும் கிடையாது. பி12 குறைவாக இருந்தது, ஊசி போட்டோம். கொஞ்சம் தெம்பு வந்தது, வழி திரும்பி வரவில்லை. மேடம் பார்த்து, ஸ்கேன் எடுத்து, டிமென்ஷியாவின் ஆரம்ப நிலைதான் என்று உறுதிசெய்தார். அந்தச் செய்தியை எத்திராஜிடம்தான் முதலில் சொன்னோம். ஆரம்பத்திலேயே தெரிந்ததால் அவருக்குக் கிடைத்தது மருந்து அல்ல. மருந்து அவ்வளவாக எதுவும் செய்துவிடவில்லை. கிடைத்தது, தன் வாழ்க்கையைப் பற்றித் தானே பேசுவதற்கு ஒரு காலம். டிரான்ஸ்போர்ட் ஆபீசுக்கு அவரே போய்ச் சொன்னார். கோட்டியை வேறு வண்டியில் சேர்த்துவிடும்படி அவரே கேட்டார். கையெழுத்துப் போட வேண்டியவற்றையெல்லாம் தெளிவாக இருக்கும்போதே போட்டார். மணலி டீக்கடையில் நின்று சக டிரைவர்களிடம், "எனுக்கு மூளைல நோவு வந்துகீது, மறச்சுகினு ஓட்டாதீங்கடா" என்று அவரே சொன்னார். அதற்குப் பிறகு எங்கள் ஓ.பி.க்கு டிரைவர்கள் ஒவ்வொருவராக வந்து, தலையைச் சொறிந்துகொண்டு, தங்களுக்கும் மறப்பதாகச் சொன்னார்கள். பெரும்பாலோருக்கு மறந்தது கல்யாண நாள்தான். ஒருவருக்கு தைராய்டு கோளாறு இருந்தது; மாத்திரையில் தேறி, இன்றும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

நான் எத்தனையோ பேருக்கு வைத்தியம் பார்த்தேன் என்று பிரிவு உபசார விழாவில் பேசினார்கள். உண்மையில் நான் அதிர்ஷ்டக்காரன். கேள்வி கேட்கும் செவிலியர் பக்கத்தில் இருந்தார். போனை எடுக்கும் ஆசிரியர் இருந்தார். சாவியை எடுத்து மேஜைமேல் வைக்கும் அளவுக்குத் துணிந்த நோயாளி கிடைத்தார். மூவரில் யாராவது ஒருவர் இல்லாமல் போயிருந்தால், என் ஒரே வெற்றியைப் பற்றி நான் இன்னும் பெருமையடித்துக்கொண்டிருப்பேன்.

அன்று மதியத்துக்குத் திரும்பி வருகிறேன். கோட்டி போனில் பிரஷர் என்று மட்டும் சொல்லியிருந்ததில் ஆபீசிலிருந்து மாற்று டிரைவர் வந்தார். சின்ன வயது, வரும்போதே, "இன்னா சார், பிரஷருக்கெல்லாமா வண்டிய நிறுத்துவாங்க?" என்று முனகிக்கொண்டு வந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அதைச் சொல்லும் உரிமை எத்திராஜுக்குத்தான். சாவியைக் கொடுத்தேன். எத்திராஜ் அவர் கூடவே வெளியே போனார். நானும் போனேன்.

"கிளச்சு கொஞ்சம் டைட்டா கீது, ஒதைக்காத. ரெண்டாவது கியரு முரண்டு புடிக்கும், திட்டாத, மெல்ல போடு" என்று ஏறும் படியில் நின்று சொல்லிக்கொடுத்தார். பிறகு இறங்கி, கண்டெய்னர் டிரெய்லர்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்த நெடுஞ்சாலையின் நடுவில் போய் நின்றார். கையைத் தூக்கினார். துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர் ஒன்று உறுமிக்கொண்டு நின்றது. "வா, வா, வா... ஒடி... இன்னும் ஒடி... போதும், ரைட்டே!" என்று டேங்கரை ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து சாலைக்கு வரவழைத்து, திருவள்ளூர்ப் பக்கமாகத் திருப்பிவிட்டு, டயர் எல்லாம் தாண்டும்வரை கையை இறக்காமல் நின்றார். வண்டி கண்ணிலிருந்து மறைந்தது.

வீட்டுக்குக் கிளம்பினார்கள். நான் பார்த்த காலத்தில் எத்திராஜ் எப்போதும் முன்னால் வேகமாகப் போவார். தேவகி பின்னால் ஓடி வருவார். அன்று எத்திராஜ் நடைபாதையில் நின்று காத்திருந்தார்.

"இன்னா நிக்கற?" என்றார் தேவகி.

"நீ முன்னால போ."

"இத்தினி வருசமா என்ன நாய் மாதிரி இசுத்துகினு ஓடினியே, இப்ப இன்னா மருவாதி?" என்று திட்டினார் தேவகி. திட்டிக்கொண்டே அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கோட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆட்டோ பிடிக்க ஓடினார். ரெஜினா சிஸ்டர் வாசலிலிருந்து, "சார், ஓ.பி. ஓ.பி." என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கொஞ்ச தூரம் போன எத்திராஜ் திரும்பினார்.

"டாக்டரே! ரத்தம் எட்க்கணும்னு சொன்னியே, என்னிக்கு வரணும்?"

"வியாழக்கிழமை, சாப்பிடாமல்" என்று கத்தினேன்.

அவர் தலையை ஆட்டினார். பிறகு தான் பிடித்திருந்த தேவகியின் கையை உயர்த்திக் காட்டினார்.

"எனுக்குச் சொல்லாத. இவளாண்ட சொல்லு."